படமாகாத சுவடிகள்

சினிமாவுக்கு எழுதுகிறவனுக்கு மன்னார்த் தீவு பெரிய உபகாரம் ஒன்று செய்திருக்கிறது. ஒரே நாளில் இரண்டு கடலைக் காட்டும். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகிற மாதங்களில் எங்கள் தாழ்வுபாட்டுக் கரையில், மன்னார் வளைகுடாப் பக்கம், அலை எழும்பி அடித்துக்கொண்டிருக்கும். அதே நேரம் வடகரையில், பேசாலைப் பக்கம், பாக்குநீரிணைக் கடல் அசைவில்லாமல் கிடக்கும். வாடை பிடித்துவிட்டால் எல்லாம் மாறிப்போகும். வடகரை கொந்தளிக்கும், எங்கள் பக்கம் கரைவலை இழுக்கத் தோதாகும். நடுவில் இருப்பது சில கிலோமீற்றர் மணலும் பனையும்தான். தயாரிப்பு நிர்வாகி ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கதை கேட்டபோது அசையாத முகம் அப்போது மலரும்.

நாவல் எழுதும்போது இந்தத் தகவலால் எனக்கு ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை. நாவலில் காற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்த வருஷம் வாடை முந்திக்கொண்டது என்று எழுதினால் முந்திக்கொண்டதுதான். திரைக்கதையில் அதே வரி, படக்குழு எந்த மாதம் வருவது, எங்கே தங்குவது, யாருடைய வள்ளத்தை வாடகைக்கு எடுப்பது, மழை பெய்தால் அன்றைய சாப்பாட்டுச் செலவு யார் தலையில் என்பதுவரை போய் நிற்கும்.

நான் இரண்டும் எழுதுகிறவன். கரைவலைக் குடும்பத்தில் பிறந்து, அகதியாகத் தமிழ்நாட்டுக்குப் போய், சென்னையில் கதை விவாதங்களில் ஓரமாக உட்கார்ந்து தொழில் படித்து, ஊருக்குத் திரும்பி வந்தவன். நாவல்கள் புத்தகமாகின. திரைக்கதைகளில் சில குறும்படங்களாயின. முழுநீளக் கதைகள் பெரும்பாலும் கோப்பில்தான் இருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த நாட்டிலும் எழுதப்படும் திரைக்கதைகளில் படமாவது கொஞ்சம்தான். ஆகாத மிச்சத்தை என்ன செய்வது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் அதிகம் யோசித்த விஷயம்.

*

எழுத்து வேலையில் என்னை முதலில் பிடித்துப் போட்டவர் என் பெரிய மாமா. அவர் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். மன்னார்ப் பகுதியில் கத்தோலிக்கக் கூத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு வகை. தென்பாங்கு, வடபாங்கு என்றும் சொல்வார்கள். வேதக் கதைகளும் புனிதர் சரித்திரங்களும் விடியவிடிய ஆடப்பட்டன. என்றீக்கு எம்பரதோர் நாடகம், மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் ஆகியவற்றை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து அச்சேற்றினார். பல்கலைக்கழகக்காரர் வந்து கேட்டுப் பதிப்பித்தார் என்பதில் எங்கள் பக்கத்து அண்ணாவிமாருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மாமாவிடம் இருந்தது அச்சுப் புத்தகமல்ல, கையெழுத்துக் கொப்பி. கொப்பியானாலும் அதை ஏடு என்றுதான் சொல்வோம். என் கையெழுத்து வடிவாக இருந்ததால், ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டைப் பிரித்து எழுதிக் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. ராசாவுக்கு ஒரு கொப்பி, மந்திரிக்கு ஒன்று, கட்டியகாரனுக்கு ஒன்று. "நீ ஒரு வரியை விட்டியெண்டால் ராசா மேடையில வாயடைச்சு நிப்பான். கவனம் மருமோன்" என்பார் மாமா.

அந்த ஏட்டில் வர்ணனை கிடையாது. கட்டியகாரன் வந்து அறிவிப்பான். ராசா தன் வரவுப் பாட்டிலேயே தான் யார், எந்த நாடு, என்ன எண்ணத்தோடு வந்திருக்கிறேன் என்று சொல்லி முடித்துவிடுவான். மனசுக்குள் இருப்பது வாயால் வந்தால்தான் உண்டு, அல்லது காலால் வந்தால் உண்டு. பல வருஷம் கழித்துச் சென்னையில், கதாபாத்திரம் அறிமுகமாகும் முதல் காட்சியைப் பற்றி மணிக்கணக்காக விவாதித்தபோது எனக்கு அது புதுப் பாடமாக இருக்கவில்லை.

ஏட்டிடம் படித்த இன்னொன்று பெரிது. கூத்து ஆடாமல் போன வருஷங்களிலும் ஏடு இருந்தது. கடலில் உழைப்பில்லாத வருஷம், ஊருக்குள் பிணக்கு வந்த வருஷம், ஆமி முகாம் பக்கத்தில் வந்து இரவு நடமாட்டமே நின்றுபோன வருஷம் என்று காரணங்களுக்குக் குறைவில்லை. அந்த வருஷங்களிலும் மாமா மாரிக்கு முன் ஏட்டை வெயிலில் காயவைப்பார். பூச்சி அரித்த பக்கத்தைப் புதுக் கொப்பியில் பெயர்த்து எழுதச் சொல்வார். இரவில் நாலு பேர் கூடினால் ஏட்டைப் பார்த்துப் படித்துக் காட்டுவார். உடுப்பு இல்லை, மத்தளம் இல்லை, ஆட்டம் இல்லை. கேட்டவர்களுக்கு அது கூத்துத்தான். நடிக்கப்படாத பிரதி அரைகுறைப் பொருள் என்ற எண்ணம் அங்கே யாருக்கும் இருந்ததில்லை.

*

எங்கள் தீவில் சினிமா என்று பேச்செடுத்தால் மூத்தவர்கள் போய் நிற்கிற இடம் 'வாடைக்காற்று'. செங்கை ஆழியான் என்ற பெயரில் எழுதிய க. குணராசா 1941இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பேராதனையில் புவியியல் படித்து நிர்வாக சேவைக்கு வந்தவர். 1973இல் வீரகேசரி பிரசுரமாக வந்த அவருடைய அந்த நாவல் நெடுந்தீவில் நடக்கிறது. வாடைக் காலத்தில் வெளியூரிலிருந்து வந்து கரையில் வாடி என்ற கொட்டில் போட்டுத் தொழில் செய்யும் சம்மாட்டிகள் என்ற வலை முதலாளிகள், அந்த ஊர்ப் பெண்கள், காதல், பகை. 1978இல் அது படமாக வந்தது. பிரேம்நாத் மொறாயஸ் இயக்கினார். திரைக்கதை வசனம் செம்பியன் செல்வன். அவரும் எழுத்தாளர், செங்கை ஆழியானின் நண்பர். நெடுந்தீவுக் கதையின் காட்சிகள் எங்கள் பேசாலைக் கரையில் படமாயின.

தொழில் தெரிந்தவனுக்கு இந்த இடமாற்றம் சுவாரசியமான பாடம். நெடுந்தீவில் கதை சொல்கிற நாவலாசிரியன் அந்த மண்ணை விட முடியாது. கல்வேலியும் காட்டுக் குதிரையும் உப்புக்காற்றும் அவன் வாக்கியங்களுக்குள் வந்தே தீரும். திரைக்கதை எழுதுகிறவன் கேட்கிற கேள்விகள் வேறு. வாடி போட வெறும் மணல் இருக்கிறதா? வள்ளமும் வலையும் அங்கேயே கிடைக்குமா? கமெராப் பெட்டிகளைப் படகில் ஏற்றி இறக்காமல் கொண்டுபோக முடியுமா? அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து தலைமன்னாருக்கு றெயில் ஓடியது, பேசாலையில் அதற்கு ஸ்ரேஷன் இருந்தது. ஒரு தீவின் கதைக்கு இன்னொரு தீவு உடம்பு கொடுத்தது இப்படித்தான். நாவலில் பருவம் என்பது மனிதர்களை ஊருக்குக் கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோகும் விதி. திரைக்கதையில் பருவம் என்பது படப்பிடிப்புத் தேதி.

அந்தப் படத்தில் நடித்த கே. எஸ். பாலச்சந்திரன் வானொலியிலும் மேடையிலும் பெயர் பெற்றவர். பிறகு கனடாவுக்குப் போய், 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' என்று மீனவர்களைப் பற்றி நாவலே எழுதினார். நாவலிலிருந்து படத்துக்குப் போகிற பாதையில்தான் எல்லோரும் நடப்பார்கள். மீனவர் படத்தில் நடித்து, பின்னொரு காலத்தில் மீனவர் நாவலுக்கு வந்து சேர்ந்தவர் அவர்.

'வாடைக்காற்று' படத்துக்கு முந்திய வருஷம், 1977இல், 'பொன்மணி' வந்தது. இயக்கியவர் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ. எழுதியவர் சிறுகதைக்காரரான காவலூர் ராஜதுரை. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத இயக்குநருக்குத் தமிழ் வாழ்க்கையை எழுதிக் கொடுப்பதென்றால், பிரதியே பாதி இயக்கமாக இருக்க வேண்டும். யார் முன்னால் யார் உட்காரக் கூடாது, எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் எந்தப் பக்கத்தால் உள்ளே வருவார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வந்தாக வேண்டும். அன்று ரசிகர்கள் தள்ளிவைத்த படத்தை இன்று சினிமா படிக்கிறவர்கள் தேடிப் பார்க்கிறார்கள்.

ஆனால் எங்கள் நாட்டில் படம் என்பது எரியக்கூடிய பொருள். 1983 ஜூலை இனக்கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவை எரித்தபோது படங்களின் மூலச் சுருள்களும் சேர்ந்து அழிந்தன. அதற்குப் பிறகு இலங்கைத் தமிழ்ப் படத் தயாரிப்பு நீண்ட காலம் தலைதூக்கவில்லை. புத்தகமும் எரியும், 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் பார்த்தோம். ஆனாலும் புத்தகத்துக்குப் பல பிரதிகள் உண்டு. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் ஒன்று மிஞ்சிக் கிடக்கும்.

இதை எனக்கு முன்பே யோசித்தவர் சில்லையூர் செல்வராசன். 'தணியாத தாகம்' அவர் சினிமாவுக்கென்று எழுதியது. படமாகவில்லை. அதைத் திரைப்படச் சுவடி என்று பெயரிட்டுப் புத்தகமாகவே போட்டார். பிறகு அது இலங்கை வானொலியில் தொடர் நாடகமானது. 1970களில் அந்த நேரத்துக்கு ரேடியோ இருந்த வீடுகளில் கூட்டம் கூடியது என்று அம்மா சொல்வார். திரைக்கு எழுதியது திரையைக் காணாமலே ஒரு தலைமுறையின் காதில் குடியேறியது. சுவடி என்று அவர் போட்ட தலைப்பைப் பார்த்தபோது எனக்கு மாமாவின் ஏடுதான் நினைவுக்கு வந்தது.

*

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் மன்னார்க் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வள்ளமேறி இராமேஸ்வரம் போனார்கள். அதில் நாங்களும் இருந்தோம். மண்டபம் முகாம், பிறகு சென்னை. பத்திரிகைக்குச் சிறுகதை அனுப்பிக்கொண்டிருந்தவனை ஒரு உதவி இயக்குநர் கதை விவாதத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாலிகிராமத்தில் வாடகை வீடு. தரையில் பாய், நடுவில் வெற்றிலைத் தட்டம், சுவரோரம் சாய்ந்தபடி ஆறேழு பேர். கதாநாயகன் ஏன் ஊரைவிட்டுப் போகிறான் என்பதைக் காலை முதல் மாலை வரை பேசுவார்கள். மாலையில் பேட்டா. சிலருக்கு அதுவும் இல்லை, சாப்பாட்டோடு சரி.

தொழில் என்று நான் படித்தது அந்தப் பாயில்தான். முதலில் ஒன்லைன். காட்சிக்கு ஒரு வரியாக முழுப் படத்தையும் எழுதிவிட வேண்டும். ஒரு வரியை எடுத்துவிட்ட பிறகும் கதை நொண்டவில்லையென்றால் அந்தக் காட்சி வேண்டாம். பிறகு ஒவ்வொரு காட்சியையும் விரித்து எழுதுவது. அதன் பிறகு வசனம். எல்லாம் முடிந்தபின் பிரித்து அடுக்குவது: ஒரே இடத்தில் நடப்பவை ஒன்றாக, ஒரே நடிகர் வருபவை ஒன்றாக, இரவுக் காட்சிகள் ஒன்றாக. நாவலாசிரியனுக்கு இந்தக் கடைசி வேலை மிக நல்லது. ஒரு பாத்திரம் படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வந்து, நடுவில் காணாமல் போயிருப்பது அந்த அட்டவணையில் பளிச்சென்று தெரியும். இன்றும் நாவலின் முதல் வரைவை முடித்ததும் நான் அப்படியொரு அட்டவணை போட்டுப் பார்க்கிறேன்.

அந்த வட்டத்தில் ஜெயகாந்தன் பெயர் அடிக்கடி வரும். தன் கதையை மற்றவர் கையில் கொடுக்காமல் 1965இல் 'உன்னைப்போல் ஒருவன்' படத்தைத் தானே எழுதி இயக்கியவர். 1977இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதிப் பீம்சிங்கிடம் கொடுத்தவர். நாவலாசிரியனுக்குச் சினிமா தெரியாது என்று யாராவது சொன்னால் அந்த இரண்டு படத்தையும் நாங்கள் எடுத்து வைப்போம். எதிர்த் தரப்பில் இருப்பவர்கள், எத்தனை பேர் ஜெயகாந்தன் என்று கேட்டு வாயை அடைப்பார்கள்.

என்னைக் கூப்பிட்டதற்கான உண்மைக் காரணம் வேறு. இலங்கைத் தமிழ் பேசத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. 2000இல் 'தெனாலி' வந்தபின் இந்தத் தேவை கூடியது. கமல்ஹாசன் அதில் பேசிய யாழ்ப்பாணத் தமிழ்தான் இலங்கைத் தமிழ் முழுவதும் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். எழுதி வைத்த வசனத்தைக் கொடுத்து, கொஞ்சம் சிலோன் தூவிக் கொடுங்கள் என்பார்கள். மட்டக்களப்பான் பேசுவது வேறு, மலைநாட்டான் பேசுவது வேறு, மன்னாரான் பேச்சில் யாழ்ப்பாணமும் இருக்கும், எதிர்க்கரை இராமநாதபுரத்துச் சாயலும் இருக்கும் என்று விளக்கினால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, தூவுங்கள் என்பார்கள். தூவினேன். பெயர்ப் பட்டியலில் என் பெயர் வராது. அதைப் பற்றி முறையிட அங்கே ஒரு அகதிக்கு வாயில்லை.

ஆனால் அந்தத் தூவல் வேலையில் ஒரு விஷயம் பிடிபட்டது. ஊர்ப் பேச்சு என்பது சொற்களில் இல்லை. எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவார்கள், எதை நேரே கேட்க மாட்டார்கள் என்பதில் இருக்கிறது. எங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டோம். வந்தவனிடம் எவ்வளவு மீன் பட்டது என்றும் வாய்விட்டுக் கேட்பதில்லை, கூடையை எட்டிப் பார்ப்போம். இந்த எட்டிப் பார்த்தலை எழுதினால் இலங்கைத் தமிழ் தானாக வந்துவிடும்.

*

ஒரு காட்சியைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். என் நாவலொன்றில் அண்ணனும் தம்பியும் காணிச் சண்டையில் பேச்சை விட்டவர்கள். நாவலில் அதற்கு இரண்டு அத்தியாயம். தகப்பன் இறந்த வீட்டில் யார் எந்த மூலையில் நின்றார்கள், கோயிலில் யார் எந்த வாங்கில் இருந்தார்கள், தாய் இரண்டு வீட்டுக்கும் குழம்பு கொண்டுபோனது எல்லாம் எழுதினேன். திரைக்கதையாக்க உட்கார்ந்தபோது இத்தனையும் வேண்டாம் என்று தெரிந்தது. கரைவலை அதைச் செய்துவிடும்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கரைவலையின் ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டு, மறு கயிற்றோடு தூரத்தில் வந்து கரைசேரும். இரண்டு கயிற்றிலும் இரண்டு கூட்டம் ஆட்கள் அம்பா பாடிக்கொண்டு இழுப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தாக வேண்டும். கடைசியில் மடி கரை ஏறும்போது இரு பக்கத்து முதல் ஆளும் தோளோடு தோள் நிற்பார்கள். வேறு வழி கிடையாது, வலையின் அமைப்பே அப்படி.

ஆகவே எழுதினேன்:

காட்சி 14. வெளி. தென்கரை. விடியற்காலை.
வலை கடலில் கிடக்கிறது. கிழக்குக் கயிற்றில் அண்ணன் முதல் ஆள். மேற்குக் கயிற்றில் தம்பி முதல் ஆள். நடுவே நீண்ட வெறும் மணல். அம்பா ஒரு பக்கமிருந்து எழுகிறது, மறு பக்கம் எதிர்ப்பாட்டு எடுக்கிறது. அண்ணனின் கால் ஒரு எட்டு மேற்கே. தம்பியின் கால் ஒரு எட்டு கிழக்கே. இருவரும் கடலையே பார்க்கிறார்கள். வெயில் ஏறுகிறது. மணல் குறைகிறது. மடி தெரிகிறது. தம்பியின் கையில் கயிறு அறுத்த காயம். அண்ணன் அதைப் பார்க்கிறான். கயிற்றில் தன் பிடியை நீட்டி, தம்பி பிடித்திருந்த இடத்தையும் சேர்த்துப் பிடிக்கிறான்.

வசனம் இல்லை. இரண்டு அத்தியாயம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. நாவல் தோற்றது என்று அர்த்தமில்லை. அந்த இரண்டு அத்தியாயத்தை எழுதியிராவிட்டால் தம்பியின் கையை அண்ணன் பார்க்கிற அந்த நொடி எனக்குத் தோன்றியிருக்காது.

*

போர் முடிந்து நான் ஊர் திரும்பியபோது இந்தக் காட்சி எடுக்க முடியாததாக மாறியிருந்தது. கரைவலையை இப்போது ஆட்கள் இழுப்பது குறைவு. இரண்டு ட்ரக்டர், பின்னால் வின்ச். கயிறு சுற்றுகிற சத்தத்துக்கு நடுவில் அம்பா எங்கே? பழைய காலக் காட்சியாக எடுப்பதென்றால் தாளம் தப்பாமல் இழுக்கத் தெரிந்த ஆட்கள் ஒரு கூட்டமே வேண்டும். அது போதாதென்று, 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. தாழ்வுபாட்டுப் பக்கமிருந்து துள்ளுக்குடியிருப்பு நோக்கித் தென்கரை நெடுக 30 காற்றாடிகள், மொத்தம் 103.5 மெகாவற். கமெராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். 1980ஐக் காட்டுகிறேன் என்று அங்கே நின்று யாரும் சொல்ல முடியாது.

திரைக்கதையை நிகழ்காலத்துக்குத் திருப்பி எழுதினேன். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு ட்ரக்டரில். வலை நெருங்க நெருங்க ட்ரக்டர்களும் கிட்டே வருகின்றன. இரண்டு எஞ்சினும் இரைகின்றன. ஒருவன் ஏதோ சொல்கிறான், மற்றவனுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் யாராவது ஒருவன் முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். யார் நிறுத்துவது? பழைய வடிவத்தைவிட இது எனக்குப் பிடித்துப்போனது. நாவலில் கயிறும் அம்பாவும் அப்படியே இருக்கின்றன, அங்கே அவற்றை எந்தக் காற்றாடியும் மறைக்காது.

தயாரிப்பாளர்கள் எங்களிடம் கேட்பது இதையல்ல. மன்னார் என்றால் முத்து. அடுத்தது பெருக்கமரம், அதற்கடுத்து மன்னார்த் தெருக்களில் திரிகிற கழுதைகள். முத்துக் கதை கேட்பதில் ஐரோப்பியன் நமக்கு முந்தியவன். 1863இல் பாரிஸில் அரங்கேறிய பிசேயின் இசைநாடகத்தில் முத்துக் குளிப்பவர்கள் இலங்கையில்தான் இருக்கிறார்கள். எழுதியவர்கள் முதலில் மெக்சிகோவை நினைத்து, பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். எங்கே என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருக்கவில்லை. மாறாக, 1906இல் மன்னார்க் கரையோர முத்துக்குளிப்பில் அரச அதிகாரியாக வேலை பார்த்த லெனார்ட் வூல்ஃப், அந்த அனுபவத்திலிருந்து முத்துக்களும் பன்றிகளும் என்ற பொருள்பட ஒரு கதை எழுதினார். சிப்பி அழுகுகிற நாற்றம் இல்லாமல் முத்துக் கதை இல்லை என்று அதைப் படித்தவனுக்குத் தெரியும். என்னிடம் முத்துப் படம் கேட்டு வருபவர்களிடம் முதல் காட்சி நாற்றம் என்று சொல்வேன். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள்.

இந்தக் கடலை எதிர்க்கரையிலிருந்து எழுதியவர்களும் உண்டு. அல்லைப்பிட்டியில் பிறந்து பிரான்ஸில் வாழும் ஷோபாசக்தி, 'கொரில்லா', 'ம்' போன்ற நாவல்களின் ஆசிரியர், தனுஷ்கோடி மீனவர்களையும் அகதிகளையும் பற்றிய 'செங்கடல்' படத்தின் எழுத்தில் பங்கெடுத்து அதில் நடித்தார். லீனா மணிமேகலை இயக்கிய அந்தப் படத்துக்கு 2011இல் தணிக்கைக் குழு சான்றிதழ் மறுத்தது, மேல்முறையீட்டில் கிடைத்தது. நான்கு வருஷம் கழித்து ஷோபாசக்தி முதன்மை வேடத்தில் நடித்த 'தீபன்' கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. எங்கள் பெடியன்களுக்கு அவரைக் காட்டி நான் சொல்வது விருதைப் பற்றி அல்ல. கமெரா முன்னால் போவதற்கு முன் அவர் எத்தனை பக்கம் எழுதியிருந்தார் என்பதைத்தான்.

மன்னாரைப் பற்றி எழுதுகிறவன் கடக்க வேண்டிய இன்னொரு இடம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் வெறுமையாயின. நாவலில் இதை ஒரு பாத்திரத்தின் நினைவாக, வெட்கமாக, தர்க்கமாகப் பல பக்கங்களுக்கு எழுத முடிந்தது. படத்தில் வெளியேற்றத்தைக் காட்டுவதென்றால் பெருங்கூட்டமும் பெருஞ்செலவும். யோசித்து, தராசைப் பிடித்துக்கொண்டேன். முதல் பாதியில் கருவாடு வாங்க வருகிற வியாபாரி, தொப்பி போட்ட முஸ்லிம் காக்கா ஒருவர், சம்மாட்டியோடு பேரம் பேசுவார், பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுப்பார். இரண்டாம் பாதியில் அதே வாடி, அதே தராசு, வேறு கை. யாரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேச மாட்டார்கள். அந்த மௌனத்தில் எங்கள் பங்கு இருக்கிறது என்பது பார்க்கிறவனுக்கு உறைக்கட்டும் என்று எழுதினேன்.

*

இப்போது மன்னாரில் கைத்தொலைபேசியில் படமெடுக்கிற பெடியன்களும் பெட்டைகளும் பெருகியிருக்கிறார்கள். திரைக்கதை சொல்லித் தாருங்கள் சேர் என்று வருவார்கள். நாவல் முந்தியா, திரைக்கதை முந்தியா என்று கேட்பார்கள். 1956 தொடக்கம் இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பில் இறந்த ஆர்தர் சி. கிளார்க்கை உதாரணம் காட்டுவேன். '2001' படத்துக்காக அவரும் ஸ்டான்லி கூப்ரிக்கும் நாவலையும் திரைக்கதையையும் சேர்த்தே வளர்த்தார்கள். 1968இல் படமும் புத்தகமும் வந்தன. படம் விளக்காமல் விட்டதைப் புத்தகம் விளக்கியது. புத்தகத்தால் முடியாததைப் படம் காட்டியது. எது முந்தி என்பதல்ல, எதை எதில் வைப்பது என்பதுதான் கேள்வி.

அவர்களுக்கு நான் வைத்திருக்கும் ஒரே விதி, பிரதியை முடித்துக் கொடு என்பது. தலைக்குள் இருக்கிறது, எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அரைகுறையாக எழுதிவிட்டுக் கமெராவைத் தூக்காதே. காசு போடுகிறவர் நாளைக்குப் பின்வாங்கலாம். நடிகன் வெளிநாடு போகலாம். கரையில் புதிதாக ஒன்றைக் கட்டலாம். படம் நின்றுபோனாலும் வாசிக்கக் கூடியதாக ஒன்று கையில் இருக்க வேண்டும். எதைப் பார்க்கிறோம், எதைக் கேட்கிறோம், யார் என்ன செய்கிறார் என்பது ஊரே தெரியாதவனுக்கும் விளங்கும்படி எழுது. கமெராக் கோணத்தை எழுதாதே, அது மற்றவர் தொழில்.

போன மாரியில் அண்ணன் தம்பி கதையை, படமாகுமா ஆகாதா என்று காத்திராமல், கோயில் மண்டபத்தில் வாசித்தோம். மேசையைச் சுற்றி எட்டுப் பேர், ஆளுக்கொரு பாத்திரம், நடுவில் ஒருத்தி காட்சிக் குறிப்பை வாசித்தாள். ட்ரக்டர் இரைச்சலுக்கு ஒரு பெடியன் வாயாலேயே சத்தம் போட்டான். சனம் சிரித்தது. எஞ்சினை யார் முதலில் நிறுத்துவது என்ற இடம் வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர், "தம்பிதான் நிப்பாட்ட வேணும், அவன்தானே இளையவன்" என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அதை மறுத்தார். வாசிப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. முடிந்தபின்னும் வாசலில் நின்று அதையே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பிரதியை இப்போது நாவலோடு சேர்த்து ஒரே புத்தகமாக அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். பின்னால் யாராவது காசோடு வந்தால் எடுக்கட்டும். எழுத்துக்காரனாக என் பக்கத்து வேலை முடிந்துவிட்டது.